மேல்குளத்துக் கால்வாயும் நெரிந்த நாணலும்
யூதாவின் இறுதி நூற்றைம்பது ஆண்டுகளில் விசுவாசமும் அதன் மாற்றுகளும்

கடவுளை மறுப்பது மட்டுமே அவிசுவாசம் என்று எண்ணுவது தவறாகும். திருமறையின் வரலாற்று நூல்களில் கடவுளை வெளிப்படையாக மறுத்த அரசர் மிகச் சிலரே. பலி செலுத்தியும் பண்டிகைகளை ஆசரித்தும் வந்தவர்களே, ஆபத்து நேர்ந்தபோது தங்கள் உயிரையும் நாட்டையும் வேறொன்றின் கையில் ஒப்புவித்தார்கள். அந்த வேறொன்றையே இக்கட்டுரை 'மாற்று' என்று குறிக்கிறது. கடவுளின் பெயர் உதட்டில் இருக்க, அவருக்குரிய இடத்தில் அமர்த்தப்பட்ட எதுவும் மாற்றே.

கி.மு. 735 முதல் 587 வரையுள்ள யூதாவின் வரலாறு இவ்வகையில் நம் கவனத்துக்குரியது. இக்காலத்தைப் பற்றித் திருமறைச் சான்றுகளோடு அசீரியக் கல்வெட்டுகளும் அகழாய்வுச் சான்றுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். யூதா நம்பிய மாற்றுகள் அந்நிய அரசனிடத்தில் தொடங்கி, ஆலயத்திலேயே வந்து முடிந்தன. அதாவது, மாற்றுகளுள் மிகக் கொடியவை கடவுளுக்குப் பகையானவற்றிலிருந்து தோன்றவில்லை. அவர் தந்த கொடைகளிலிருந்தே தோன்றின. திருப்பணியில் இருப்போரும் அதற்கென ஆயத்தப்படுவோரும் இதனை ஆழ்ந்து சிந்திப்பது நலம்.

1. ஆகாஸும் அசீரிய அரசனும்

கி.மு. 735ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமஸ்குவின் அரசன் ரேத்சீனும் இஸ்ரவேலின் அரசன் பெக்காவும் அசீரியாவுக்கு எதிராகக் கூட்டணி அமைத்தனர். அதில் சேர மறுத்த யூதாவின்மேல் படையெடுத்து, ஆகாஸை அகற்றிவிட்டு, தங்கள் சொற்படி நடக்கும் ஒருவனை எருசலேமில் அரசனாக்க முயன்றனர். அச்செய்தி கேட்டு, காற்றில் அசையும் காட்டு மரங்களைப் போல அரசனும் மக்களும் நடுங்கினர் என்று ஏசாயா 7ஆம் அதிகாரம் கூறுகிறது.

அவ்வேளையில் ஏசாயா தம் மகன் சேயார் யாசூபை அழைத்துக்கொண்டு அரசனைச் சந்திக்கிறார். சந்தித்த இடம் துல்லியமாகக் குறிக்கப்பட்டுள்ளது: வண்ணார் துறைக்குச் செல்லும் வழியில், மேல்குளத்துக் கால்வாயின் கடைமுனை. முற்றுகையை எதிர்நோக்கிய அரசன் நகரின் நீர்வளத்தைப் பார்வையிட அங்கே வந்திருக்கலாம் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர். இவ்விடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் இங்கே வரவேண்டியிருக்கும்.

ஏசாயாவின் செய்தி சுருக்கமானது. பகைவர் இருவரும் புகைந்து அணையப்போகும் கொள்ளிக்கட்டைகள், ஆகவே அமைதியாயிரு, அஞ்சாதே. இதன் முடிவில் எபிரெய மொழியில் ஒரு சொல்விளையாட்டு அமைந்துள்ளது. 'ஆமென்' என்னும் சொல் பிறந்த அதே வேரிலிருந்து 'விசுவாசித்தல்' என்ற வினையும் 'நிலைத்திருத்தல்' என்ற வினையும் பிறக்கின்றன. கடவுளிடத்தில் உறுதியாக நில்லாதவன் அரியணையிலும் உறுதியாக நில்லான் என்பதே அதன் கருத்து. ஏசாயாவுக்கு விசுவாசம் என்பது மனவெழுச்சி அன்று; கால் ஊன்றும் இடம்.

அடையாளம் ஒன்றைக் கேட்கும்படி அரசன் அழைக்கப்பட்டான். கடவுளைச் சோதிக்க மாட்டேன் என்று பக்தியுள்ள சொற்களால் அதனைத் தட்டிக்கழித்தான். அவனுடைய மனம் வேறொரு கரத்தின்மேல் இருந்தது. அசீரிய அரசன் மூன்றாம் திகிலாத்பிலேசருக்குத் தூதர்களை அனுப்பி, தன்னை அவனுடைய அடியானாகவும் குமாரனாகவும் அறிவித்துக்கொண்டதை 2 இராஜாக்கள் 16 பதிவு செய்கிறது. தாவீதின் வம்சத்து அரசனைக் கடவுள் தம் குமாரனாகக் கொள்வார் என்பதே அவ்வம்சத்துக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தம். அந்த உறவின் மொழியையே ஆகாஸ் அசீரியாவின் வல்லரசனிடம் பேசினான். கூடவே ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் அனுப்பினான்.

திகிலாத்பிலேசரின் கல்வெட்டு ஒன்று அவனுக்குக் கப்பம் செலுத்திய அரசருள் யூதாவின் 'யோவாகாஸ்' என்பவனைக் குறிக்கிறது. இதுவே ஆகாஸின் முழுப் பெயர். 'கர்த்தர் பற்றிக்கொண்டார்' என்பது அதன் பொருள். திருமறையோ கர்த்தருடைய பெயரைக் குறிக்கும் முற்பகுதியின்றி 'ஆகாஸ்' என்றே அவனை அழைக்கிறது. காரணம் கூறப்படவில்லை. ஆயினும், கர்த்தர் தன்னைப் பற்றியிருக்கிறார் என்று பெயரளவில் அறிக்கையிட்டவன் பற்றிக்கொள்ள வேறு கையைத் தேடினான் என்பது வரலாறு.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. ஆகாஸின் திட்டம் பலித்தது. கி.மு. 732இல் தமஸ்கு வீழ்ந்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான், கலிலேயா அசீரியாவின் வசமாயிற்று, எருசலேம் தப்பியது. மாற்றுகள் ஒருபோதும் பயன் தருவதில்லை என்று நாம் பிரசங்கித்தால் அது உண்மையன்று. அவை பலவேளைகளில் உடனடிப் பயன் தருகின்றன. அதனாலேயே மனிதர் அவற்றை நாடுகின்றனர். விலையோ பிறகு கேட்கப்படுகிறது. யூதா அசீரியாவின் கப்ப நாடாயிற்று. தமஸ்குவுக்குச் சென்ற ஆகாஸ் அங்கே கண்ட பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பினான். ஆசாரியனாகிய உரியா, அரசன் திரும்புமுன்னரே அதனைக் கட்டி முடித்தான். அவன் ஒரு சொல்லும் மறுத்துக் கூறியதாகப் பதிவில்லை. அரசன் தேடிய மாற்று, ஆசாரியனின் மௌனத்தால் ஆலய முற்றத்தில் இடம் பெற்றது.

அமைதியாக ஓடும் சீலோவாவின் தண்ணீரை இம்மக்கள் வெறுத்ததால் ஐப்பிராத்து நதியின் வெள்ளம் கழுத்துமட்டும் வரும் என்று ஏசாயா அப்போதே எச்சரித்தார் (ஏசாயா 8). நகரின் சிறிய நீரூற்று கடவுளின் ஆரவாரமற்ற பராமரிப்புக்கு உருவகமாயிற்று. பெருநதியை அழைத்தவன் அது கரைக்குள் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

2. எகிப்தின் குதிரைகள்

சமாரியா கி.மு. 722இல் வீழ்ந்தது. ஆகாஸின் மகன் எசேக்கியா தந்தையைப் போன்றவன் அல்லன். மேடைகளை அகற்றி வழிபாட்டைச் சீர்திருத்தியவன். கர்த்தரை நம்பியதில் அவனுக்கு நிகரான அரசர் யூதாவில் இல்லை என்று 2 இராஜாக்கள் 18 பாராட்டுகிறது. ஆயினும் மாற்று என்னும் சோதனை அவனையும் விடவில்லை. தந்தை அசீரியாவைச் சார்ந்தான். மகன் அசீரியாவிடமிருந்து விடுபட எகிப்தைச் சார்ந்தான்.

எகிப்தின் நம்பகத்தன்மை என்ன என்பதற்கு யூதாவின் கண்முன்னே ஒரு சான்று இருந்தது. பெலிஸ்தரின் அஸ்தோத் நகரம் அசீரியாவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, கி.மு. 711இல் சர்கோனின் படையால் வீழ்த்தப்பட்டது. அதன் தலைவனாகிய யமானி எகிப்துக்குத் தப்பியோடினான். அப்போது எகிப்தை ஆண்ட எத்தியோப்பிய வம்சத்தார் அவனை விலங்கிட்டு அசீரியரிடமே ஒப்படைத்தனர் என்று சர்கோனின் கல்வெட்டுகள் கூறுகின்றன. அந்நாட்களில் ஏசாயா மூன்று ஆண்டுகள் சிறைக்கைதியின் கோலத்தில் வெறுங்காலுடனும் ஆடையின்றியும் நடந்து, எகிப்தை நம்பியவர்களின் முடிவைத் தம் உடலாலேயே அறிவித்தார் (ஏசாயா 20).

கி.மு. 705இல் சர்கோன் போர்க்களத்தில் மாண்டான். பேரரசெங்கும் கலகம் மூண்டது. பாபிலோனின் மெரொதாக்பலாதான் எசேக்கியாவுக்குத் தூதரை அனுப்பியதைப் பல அறிஞர் இச்சூழலோடு இணைக்கின்றனர். எசேக்கியா கப்பத்தை நிறுத்தினான். யூதாவின் தூதர்கள் கழுதைகள்மேலும் ஒட்டகங்கள்மேலும் செல்வத்தை ஏற்றிக்கொண்டு, சிங்கமும் விரியனும் நடமாடும் தென்திசைப் பாலைவழியாக எகிப்துக்குச் சென்ற காட்சியை ஏசாயா 30 தீட்டுகிறது.

இத்திட்டத்தின்மேல் ஏசாயாவின் குற்றச்சாட்டு கூர்ந்து நோக்கத்தக்கது. எகிப்து வலுவற்றது என்பது அதில் ஒரு பகுதியே. முதன்மையான குற்றம், கடவுளைக் கேளாமல் திட்டம் தீட்டப்பட்டது என்பதாகும். எகிப்தியர் மனிதரேயன்றித் தேவனல்லர். அவர்களுடைய குதிரைகள் மாம்சமேயன்றி ஆவியல்ல என்று 31ஆம் அதிகாரத்தில் அவர் உணர்த்துகிறார். இது எவரும் அறிந்த செய்திதானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு படைப்பை மாற்றாக்கும்போது நாம் மறப்பது இந்த எளிய செய்தியையே. குதிரை குதிரையாக இருப்பதில் குற்றமில்லை. அதன்மேல் தேவனுக்குரிய பாரத்தை ஏற்றுவதே குற்றம்.

3. மதிலும் நீரும்

எசேக்கியா எகிப்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தன் நகரையும் பலப்படுத்தினான். யூதாவின் பல ஊர்களில் 'அரசனுக்குரியது' என்ற முத்திரையிட்ட சாடிக் கைப்பிடிகள் ஆயிரத்துக்கும் மேலாகக் கிடைத்துள்ளன. உணவுப்பொருள் சேமிப்புக்கான அரசாங்க ஏற்பாட்டின் தடயங்கள் இவை எனப் பலரும் கருதுகின்றனர். எருசலேமின் மேற்குப்பகுதியில் நாமான் அவிகாத் 1970இல் கண்டறிந்த பெருமதில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலமுடையது. அது குடியிருந்த வீடுகளை ஊடறுத்து எழுப்பப்பட்டிருந்தது. மதிலை அரணாக்க வீடுகளை எண்ணி இடித்தீர்கள் என்று ஏசாயா 22 கூறும் குற்றச்சாட்டுக்கு அக்கற்கள் சாட்சியாகக் கிடக்கின்றன.

நீர்ச்சுரங்கம் இன்னும் வியப்பூட்டுவது. நகருக்கு வெளியேயிருந்த கீகோன் ஊற்றின் நீரைப் பாறையினூடே உள்ளே கொணர்ந்த இச்சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். இரு குழுவினர் இரு முனைகளிலிருந்தும் வெட்டிவந்து, நடுவே ஒருவர் குரலை மற்றவர் கேட்டுச் சந்தித்தனர் என்பதை 1880இல் சுரங்கச் சுவரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு விவரிக்கிறது. அது இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுரங்கத்தின் காலம் பற்றி விவாதம் தொடர்ந்தபோதிலும், 2003இல் வெளியான அறிவியல் ஆய்வு அதனைக் கி.மு. 700ஐ ஒட்டிய காலத்ததாகக் காட்டியது.

அக்கல்வெட்டில் எஞ்சியுள்ள ஆறு வரிகளில் அரசனின் பெயர் இல்லை. கடவுளின் பெயரும் இல்லை. கோடரிகளும் முழங்களும் பாறையின் உயரமும் மட்டுமே பேசப்படுகின்றன. கல்வெட்டின் மௌனத்தை வைத்து அதனைச் செதுக்கியவரின் உள்ளத்தைத் தீர்ப்பிடுவது முறையன்று. எனினும் இந்நீர்நிலை வேலைகளைப் பற்றி ஏசாயா கூறியதை இங்கே ஒப்புநோக்கலாம். நீங்கள் குளம் வெட்டினீர்கள். ஆனால் இதனையெல்லாம் செய்தவரை, நெடுங்காலத்துக்கு முன்னரே திட்டமிட்டவரை நோக்கவில்லை என்பதே அவருடைய துயரம்.

ஏசாயா சுரங்கத்தைத் தூர்க்கச் சொல்லவில்லை. முற்றுகைக்காலத்தில் தாகத்தால் வாடும் குழந்தைகளுக்கு நீர் தேடுவது பாவம் என்று எந்தத் தீர்க்கதரிசியும் கூறார். எசேக்கியா நீரைக் கொணர்ந்ததை 2 இராஜாக்கள் 20 அவனுடைய நற்செயலாகவே குறிக்கிறது. ஒரே சுரங்கம் கடவுளின் கொடையாகவும் இருக்கக்கூடும். கடவுளின் மாற்றாகவும் ஆகக்கூடும். வேறுபாடு பாறையில் இல்லை. நோக்குகிற கண்ணில் இருக்கிறது. கருவிகளைத் துறப்பதே விசுவாசம் என்று போதிப்போர் ஏசாயாவைத் துணைக்கழைக்க இயலாது.

4. மீண்டும் மேல்குளத்தருகே

கி.மு. 701இல் சனகெரிப் வந்தான். எல்தெக்கே அருகே எகிப்திய, எத்தியோப்பியப் படைகளை வென்றதாகவும், எசேக்கியாவின் 46 அரணுள்ள நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைகொண்டதாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகவும் அவனுடைய ஆண்டுக்குறிப்புகள் பெருமைப்படுகின்றன. இவற்றின் ஒரு படியான களிமண் பட்டகம் 1830இல் நினிவேயில் கிடைத்தது. லாகீசின் முற்றுகை நினிவே அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டது. மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் வெளியேறும் யூதா மக்களை அச்சிற்பங்களில் இன்றும் காணலாம். அரசவையின் தவறான கணக்கைச் சிற்றூர்களின் தாய்மாரும் குழந்தைகளும் தீர்த்தனர்.

எசேக்கியா தன் தவற்றை ஒப்புக்கொண்டு கப்பம் அனுப்பினான். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்கிறது திருமறை. அசீரியக் குறிப்பு பொன்னின் அளவை அவ்வாறே கூறி, வெள்ளியை 800 தாலந்து என்கிறது. இதற்காக எசேக்கியா ஆலயக் கதவுகளின் பொற்றகட்டையும் கழற்ற நேர்ந்தது. அசீரியாவின் உதவியை வாங்கத் தந்தை ஆலயத்தை வறிதாக்கினான். அசீரியாவின் கோபத்தைத் தணிக்க மகன் அதனையே செய்தான்.

கப்பம் பெற்ற பின்னரும் ரப்சாக்கே படையோடு வந்தான். அவன் நின்ற இடம் எது? வண்ணார் துறைக்குச் செல்லும் வழியில், மேல்குளத்துக் கால்வாயருகே. ஏறத்தாழ 34 ஆண்டுகளுக்கு முன் ஏசாயா ஆகாஸைச் சந்தித்த அதே இடம். அன்று எங்கே நம்பும்படி அழைப்பு விடுக்கப்பட்டதோ, அங்கே இன்று ஏளனம் ஒலித்தது. அழைக்கப்பட்ட அசீரியா கால்வாயருகே வந்து நின்றது.

ரப்சாக்கேயின் உரையில் 'நம்புதல்' என்னும் எபிரெய வினை மீண்டும் மீண்டும் வருகிறது. நீ எதை நம்புகிறாய்? எகிப்தையா? அது சாய்கிறவனின் கையிலேயே குத்தும் நெரிந்த நாணல். கர்த்தரையா? அவருடைய மேடைகளை அகற்றியவன் உன் அரசனல்லவா? குதிரைகளையா? இரண்டாயிரம் தந்தால் ஏறுவதற்கு உன்னிடம் ஆட்கள் உண்டா? எகிப்தைப் பற்றி அவன் கூறியது ஏசாயா கூறியதேதான். தீர்க்கதரிசியின் வாயிலிருந்து அன்போடு வந்த உண்மையைக் கேளாதவர்கள், பகைவனின் வாயிலிருந்து அதே உண்மையை அவமானத்தோடு கேட்டனர்.

எகிப்து பொய்த்தது, பொக்கிஷம் தீர்ந்தது, நகரங்கள் வீழ்ந்தன. எசேக்கியாவிடம் எஞ்சியது ஒரு மிரட்டல் கடிதம் மட்டுமே. அதனை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தரின் முன்னே விரித்துவைத்தான். கடைசிப் புகலிடமாக மட்டுமே கடவுளை நாடியவனின் ஜெபம் இது என்று நாம் எளிதில் குறைகூறக்கூடும். கடவுள் அவ்வாறு கூறவில்லை, அவர் கேட்டார். இதுவே நற்செய்தி.

அசீரியப் படையில் ஒரே இரவில் 1,85,000 பேர் மாண்டனர் என்கிறது திருமறை. சனகெரிப்பின் குறிப்புகள் இதனைக் கூறவில்லை. ஆனால் எருசலேமைப் பிடித்ததாகவும் கூறவில்லை. இவ்விவரங்களை இணைக்க இரு படையெடுப்புகள் நிகழ்ந்தன என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டதுண்டு. ஒரே படையெடுப்பு என்பதே இன்று பெரும்பாலோரின் முடிவு. நகரம் தப்பியது என்பதில் இருதரப்புச் சான்றுகளும் ஒத்துப்போகின்றன. அது தப்பியது மதிலாலோ எகிப்தாலோ அன்று என்பதே யூதாவின் அறிக்கை.

5. கொடையே மாற்றாகும்போது

இவ்வரலாறு 701இன் விடுதலையோடு முடிந்திருந்தால் பிரசங்கிக்க எளிதாயிருக்கும். அது முடியவில்லை. மிகக் கொடிய மாற்று அதன் பின்னரே தோன்றியது. எசேக்கியாவின் சீர்திருத்தத்திலேயே அதற்கான முன்னெச்சரிக்கை இருந்தது.

அவன் உடைத்த பொருள்களுள் மோசே செய்த வெண்கல சர்ப்பமும் ஒன்று. அது அந்நிய தெய்வத்தின் சிலையன்று. கடவுளின் கட்டளையால் செய்யப்பட்டது. அதனை நோக்கியவர்கள் உயிர்பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21). தலைமுறைகள் கடந்தபின் மக்கள் அதற்குத் தூபங்காட்டினர். குணமாக்கியவரை மறந்து குணமான கதையைப் பற்றிக்கொண்டனர். எசேக்கியா அதனை உடைத்தான். 'நிகுஸ்தான்' என்னும் பெயர் எபிரெயத்தில் வெண்கலம், சர்ப்பம் என்னும் இரு சொற்களையும் நினைவூட்டுகிறது. மோசேயின் கைவேலையை உடைக்க எத்துணை மனத்துணிவு வேண்டியிருந்திருக்கும்! விக்கிரகத்தை உடைப்பது எளிது. நினைவுச்சின்னத்தை உடைப்பது அரிது.

701க்குப் பின் எருசலேமின் விடுதலையே இன்னொரு வெண்கல சர்ப்பமாயிற்று. சீயோன் ஒருபோதும் வீழாது. ஆலயம் இருக்கும்வரை நமக்கு ஆபத்தில்லை என்ற உறுதி வேரூன்றியது. அன்று கடவுள் காத்தார் என்பது உண்மை. ஆனால் 'அவர் காத்தார்' என்ற சாட்சி 'காக்கவே வேண்டும்' என்ற கோட்பாடாக மாறியபோது, அதில் கடவுளுக்கே இடமில்லாமற் போயிற்று.

கி.மு. 609ஐ ஒட்டி, யோயாக்கீமின் ஆட்சித் தொடக்கத்தில், எரேமியா ஆலய வாசலில் நின்றார். கர்த்தரின் ஆலயம் என்று மும்முறை சொல்லிக்கொள்வது பொய்ச் சொற்களை நம்புவதாகும் என்றார். இங்கும் ரப்சாக்கேயின் உரையில் கண்ட அதே 'நம்புதல்' என்னும் வினையே வருகிறது. திருடியும் விபசாரம் செய்தும் அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கியும், பின்பு ஆலயத்தில் வந்து பத்திரமாயிருக்கிறோம் என்பீர்களோ? சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார் (எரேமியா 7). அவருக்கு மரணதண்டனை கோரியவர்கள் யார்? ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் (எரேமியா 26).

அவரைக் காப்பாற்றிய வாதம் குறிப்பிடத்தக்கது. மூப்பர் சிலர் எழுந்து, எசேக்கியாவின் நாளில் மீகாவும் சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று உரைத்ததை நினைவூட்டினர். அன்று அரசன் தீர்க்கதரிசியைக் கொல்லவில்லை; கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான்; தீங்கு விலகிற்று. ஒரே நிகழ்ச்சியின் இரு நினைவுகள் இங்கே மோதுகின்றன. கூட்டத்தார் நினைவில் நின்றது விடுதலை. மூப்பர் நினைவில் நின்றது மனந்திரும்புதல். முன்னது மாற்றாயிற்று, பின்னது ஓர் உயிரைக் காத்தது.

இதன் உச்சத்தை எரேமியா 28இல் காண்கிறோம். அனனியா என்னும் தீர்க்கதரிசி, கர்த்தர் பாபிலோனின் நுகத்தை முறித்தார் என்று அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தான். அசீரியனின் நுகம் முறியும் என்று முன்பு ஏசாயா கூறியது மெய்யான வாக்கு. அதனையொத்த செய்தியை ஒரு நூற்றாண்டுக்குப் பின் அனனியா கூறியது பொய்யாயிற்று. சொற்கள் ஒத்திருந்தன; அன்று பேசியவர் இன்று என்ன பேசுகிறார் என்று கேட்கும் செவி இல்லை. நகரம் நிலைக்கும் என்ற ஏசாயாவும், நகரம் விழும் என்ற எரேமியாவும் ஒரே விசுவாசத்தையே பிரசங்கித்தனர். நேற்றைய உண்மையான பிரசங்கமும், கடவுளைக் கேளாமல் திரும்பச் சொல்லப்பட்டால், இன்றைய கள்ளத் தீர்க்கதரிசனமாகலாம்.

சிதேக்கியாவின் நாளில் யூதா மீண்டும் எகிப்தை நோக்கியது. லாகீசில் 1935இல் கிடைத்த ஓட்டுக் கடிதங்களுள் ஒன்று படைத்தலைவன் ஒருவன் எகிப்துக்குச் சென்றதைக் கூறுகிறது. பார்வோனின் படை புறப்பட்ட செய்தி கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையைச் சற்றே தளர்த்தினர். பின்னர் திரும்பி வந்தனர். கி.மு. 587இல் (சிலர் கணக்கில் 586இல்) நகரமும் ஆலயமும் எரிந்தன. எஞ்சியோர் எரேமியாவிடம் வந்து, கர்த்தர் என்ன சொன்னாலும் கேட்போம் என்றனர். பத்து நாள் கழித்து அவர் கூறிய மறுமொழி தங்கள் விருப்பத்துக்கு மாறாயிருந்ததால், எகிப்துக்கே சென்றனர். அவரையும் உடன் கொண்டுசென்றனர். ஏசாயாவும் எரேமியாவும் வாழ்நாளெல்லாம் எச்சரித்த அதே எகிப்தில், தன் விருப்பத்துக்கு மாறாக, தீர்க்கதரிசியின் வரலாறு நம் பார்வையிலிருந்து மறைகிறது.

6. மாற்றை அறியும் அடையாளங்கள்

நாம் கையாளும் கருவி எப்போது மாற்றாகிறது? இத்தீர்க்கதரிசிகளின் உரைகளிலிருந்து மூன்று அடையாளங்களைக் கொள்ளலாம்.

முதலாவது, கேளாமை. மாற்று என்பது கடவுளைக் கேட்பதற்கு முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கும். ஜெபம் அதற்கு முத்திரையிட மட்டுமே அழைக்கப்படும். ஆகாஸின் பக்தியுள்ள மறுப்பும், எகிப்துக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தவர்களின் பத்து நாள் காத்திருப்பும் இத்தகையவையே.

இரண்டாவது, எச்சரிப்பைப் பொறாமை. எங்களுக்கு இதமானவற்றையே சொல்லுங்கள் என்று தரிசிகளைக் கேட்டுக்கொண்ட மக்களை ஏசாயா 30இல் காண்கிறோம். கொடையைப் பற்றிய விமர்சனத்தை ஒருவர் தாங்கிக்கொள்ளலாம். தெய்வத்தைப் பற்றிய விமர்சனத்தைத் தாங்க இயலாது. எதைக் குறித்து ஒரு சொல்லும் கேட்க மறுக்கிறோமோ, அது நமக்கு எதுவாகிவிட்டது என்று ஆராய வேண்டும்.

மூன்றாவது, பிறர்மேல் விழும் விலை. மதிலுக்காக இடிக்கப்பட்ட வீடுகள், லாகீசிலிருந்து வெளியேறிய குடும்பங்கள், ஆலய வாசலில் மறக்கப்பட்ட விதவைகள் ஆகியோர் யாவரும் பிறருடைய பாதுகாப்புக்கு விலை கொடுத்தவர்கள். ஒடுக்குதலின்மேல் நம்பிக்கை வைப்பதையும் கர்த்தருடைய வார்த்தையை வெறுப்பதையும் ஏசாயா ஒரே வாக்கியத்தில் இணைத்தது தற்செயலன்று.

7. ஊழியருக்கு

திருப்பணியாளர் அசீரியாவை நம்பும் ஆபத்து குறைவு. ஆலயத்தை நம்பும் ஆபத்தே மிகுதி. நம் கையில் இருப்பவை யாவும் பரிசுத்தமானவை: திருமறை, திருச்சடங்கு, குருப்பட்டம், இறையியற் கல்வி, முன்னோரின் சாட்சி, ஒருகாலத்தில் நம் சபையில் எழுந்த எழுப்புதலின் நினைவு. இவற்றுள் எதுவும் தீயதன்று. ஆதலால்தான் எதுவும் மாற்றாகக்கூடும். நெடுநாள் ஊழியம் செய்தவர் பழக்கத்தின் வலிமையால் ஜெபமின்றியும் பிரசங்கிக்க இயலும். சபை தன் கட்டடத்தாலும் நிதியாலும் நிர்வாகத்தாலும் கடவுளின்றியும் சில காலம் நடந்துகொண்டேயிருக்க இயலும். ஆகாஸின் திட்டத்தைப் போல அதுவும் பலிக்கும். ஆசாரியனாகிய உரியாவைப் போல நாமும் மாதிரி வந்தவுடன் கட்டி முடித்துவிடலாம்.

இதற்கு மருந்து கொடைகளை வீசியெறிவதன்று. எசேக்கியா சர்ப்பத்தை உடைத்தான், ஆலயத்தை உடைக்கவில்லை, அதனுள் சென்று கடிதத்தை விரித்தான். அந்த வேளையில் ஆலயம் அதன் மெய்யான பயனை அடைந்தது. அது அவனைக் காக்கும் சுவராக நிற்கவில்லை. காப்பவரின் முன்னே அவன் வெறுங்கையோடு நிற்கும் இடமாயிற்று. பொற்றகடு கழற்றப்பட்டுக் கதவுகள் பொலிவிழந்திருந்த அந்நாளில்தான் அவனுடைய ஜெபம் கேட்கப்பட்டது என்பதை நாம் மறவாதிருப்போமாக.

வெண்கல சர்ப்பத்தின் வரலாறு அதோடு முடியவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின், அச்சர்ப்பம் உயர்த்தப்பட்டதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும் என்று நம் ஆண்டவர் நிக்கொதேமுவிடம் உரைத்தார் (யோவான் 3). உடைக்கப்பட்ட சின்னம் மீண்டும் அதற்குரிய பணியைப் பெற்றது. தன்னை நோக்கச் செய்யாமல் அவரை நோக்கச் செய்தது. நம் ஊழியமும் நம் சபைகளும் நம் பாரம்பரியமும் அத்தகைய சின்னங்களாக நிற்கும்வரை அவை கடவுளின் கொடைகளாயிருக்கும். மேல்குளத்தருகே ஆகாஸுக்கு முன் வைக்கப்பட்ட தெரிவு இன்று நம் முன்னும் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஆமென் என்று மறுமொழி கூறுகிறவன் நிலைத்திருப்பான்.